பேரிங் கடிதம்

என் சிறு பிராயத்தில் எங்கள் ஊர்த் தபால்காரரின் பையில் எப்போதாவது ஒரு பேரிங் கடிதம் இருக்கும். பேரிங் கடிதம் என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திராது. தபால் தலை ஒட்டாமலோ, போதிய அளவுக்கு ஒட்டாமலோ பெட்டியில் போட்டுவிட்ட கடிதத்துக்கு அந்தப் பெயர். குறைந்த கட்டணம் எவ்வளவோ அதைப் போல் இரண்டு மடங்கைக் கடிதம் பெறுகிறவர் கொடுக்க வேண்டும். கொடுக்க மனம் இல்லாவிட்டால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும்.

என் தகப்பனார் சிக்கனத்துக்குப் பெயர் போனவர். ஒரு தீக்குச்சியை இரண்டாகக் கிழித்து உபயோகிக்க முடியுமா என்று யோசிக்கிற வர்க்கம். அப்பேர்ப்பட்டவர் பேரிங் கடிதத்தை மட்டும் ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லை. "தலை வாங்கக் காசில்லாதவன் எழுதியிருக்கிறான் என்றால், விஷயம் இல்லாமலா எழுதியிருப்பான்?" என்பார். சில்லறையை எண்ணிக் கொடுக்கும்போது முகம் என்னவோ கசந்துதான் இருக்கும், ஆனாலும் வாங்கிவிடுவார். பேரிங் கடிதம்தான் நிச்சயமாகப் போய்ச் சேரும், காசு வசூலிக்க வேண்டியிருப்பதால் தபால்காரர் அதைத் தொலைக்க மாட்டார் என்று ஊரில் ஒரு நம்பிக்கையும் உண்டு. அதனால் அவசரச் சேதி சொல்ல வேண்டியவர்களில் சிலர் வேண்டுமென்றே தலை ஒட்டாமல் போடுவார்களாம்.

எத்தனையோ வருஷங்களாக மறந்திருந்த இந்த விஷயம் சென்ற ஆண்டு என் அக்காவின் மூலம் நினைவுக்கு வந்தது.

அக்கா இருப்பது கும்பகோணத்தில். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டதையெல்லாம் ஒலிப்பதிவு செய்வார். சுவாமி புறப்பாட்டின்போது நாகஸ்வரக்காரர் வாசித்த மல்லாரி, பேரன் மழலையில் சொன்ன கதை, விடியற்காலையில் பால்காரரின் மணி எல்லாம் அதில் அடக்கம். அக்கா சமையலறையிலிருந்து அவரைக் கோபித்துக்கொண்டதைக்கூட விட்டுவைக்கவில்லை. இவற்றையெல்லாம் இணையத்தில் ஒரு கம்பெனிக்கு வருஷச் சந்தா கட்டி, அவர்களுடைய பெட்டகத்தில் சேமித்து வைத்திருந்தார்.

ஒரு மார்கழி மாதத்தில் அத்தான் காலமானார். செல்போன் பூட்டியபடியே கிடந்தது. அதைத் திறக்கும் ரகசிய எண் அவரோடு போயிற்று. சில மாதங்கள் கழித்து அவருடைய டைரியைப் புரட்டிக்கொண்டிருந்த அக்கா, ஒரு பக்கத்தின் ஓரத்தில் அவர் கையெழுத்தில் 'பெட்டகச் சந்தா' என்று எழுதி, அடியில் கோடு போட்டிருந்ததைக் கண்டாள். அந்தத் தேதிக்கு இன்னும் இருபது நாள்தான் இருந்தது. சந்தா கட்டாவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று பேரன் சொன்னான்.

அக்கா உடனே உட்கார்ந்து அந்தக் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். பேரன் அவளுக்காக ஆரம்பித்துக் கொடுத்திருந்த முகவரியிலிருந்துதான். தமிழிலும் ஆங்கிலத்திலுமாக, ஒரு பிழை இல்லாமல் எழுதியிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. 'தங்கள் முகவரி எங்களிடம் பதிவாகவில்லை. பதிவு செய்த முகவரியிலிருந்து எழுதவும். இந்தக் கடிதம் பரிசீலிக்கப்பட மாட்டாது.'

அக்கா எனக்குத் தொலைபேசியில் அதைப் படித்துக் காட்டினாள். குரலில் அழுகை இல்லை. வகுப்பில் ஒரு பையனின் வாக்கியத்தில் பிழை கண்டுபிடித்த ஆசிரியையின் குரல்தான் இருந்தது. "பதிவு செய்தவர்தான் போய்விட்டாரே? அவரை எந்த ஊரிலிருந்து எழுதச் சொல்கிறார்கள்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. எழுத்தாளனுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வான்? ஒரு கட்டுரை எழுதிக் கிழிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். நல்ல வேளையாக, எழுதுவதற்கு முன்னால் விஷயம் தெரிந்தவர்களைக் கேட்க வேண்டும் என்ற புத்தியும் வந்தது. சென்னையில் இருக்கும் என் தங்கையின் மகள் பத்து வருஷமாக இந்த வேலையில்தான் இருக்கிறாள். வீட்டுச் சாமான்களைத் தவணையில் விற்கும் வேறொரு கம்பெனியில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய், காப்பி குடித்துக்கொண்டே என் கோபத்தையெல்லாம் கொட்டினேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "மாமா, கட்டுரையை அப்புறம் எழுதலாம். முதலில் எங்கள் வாசலில் யார் யார் வந்து நிற்கிறார்கள் என்று கேளுங்கள்" என்றாள்.

முன்பெல்லாம் ஒரு கம்பெனிக்குப் புகார் முகவரி என்று ஒன்றுதான் இருக்குமாம். அதை ஐந்தாறு பேர் சேர்ந்து பார்ப்பார்கள். ஒரே கடிதத்துக்கு இரண்டு பேர் பதில் போடுவார்கள். இன்னொரு கடிதத்தை, மற்றவர் பார்த்திருப்பார் என்று எல்லோருமே விட்டுவிடுவார்கள். கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பது போல. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஹெல்ப்டெஸ்க் மென்பொருள்கள் வந்தன. கடிதம் வந்ததும் அதற்கு ஒரு நம்பர் கொடுத்து, இன்னாருடைய பொறுப்பு என்று குறித்துவிடும். அதற்கு டிக்கெட் என்று பெயர். ஸென்டெஸ்க் என்ற மென்பொருள் 2007-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் பிறந்தது. 2010-ல் நம்முடைய சென்னையிலேயே ஃப்ரெஷ்டெஸ்க் பிறந்தது. அதன் தாய்க் கம்பெனியின் பங்குகள் 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்கே போய்விட்டன. ஸோஹோவும் சென்னைக் கம்பெனிதான். அவர்களிடமும் இப்படி ஒன்று உண்டு. ஆக, உலகத்தின் குறைகளைக் கேட்கும் காதுகளில் ஒன்றிரண்டு நம் ஊரில் தயாரானவை என்று நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

"பதிவில் இல்லாத ஒருவர் எழுதினால் மூன்று வழிகள் இருக்கின்றன, மாமா" என்று அவள் விரலை மடக்கினாள்.

முதல் வழி, யார் எழுதினாலும் உள்ளே விடுவது. மென்பொருளே புது முகவரிக்கு ஒரு கணக்குத் திறந்து, கடிதத்துக்கு நம்பர் கொடுத்துவிடும். கேட்பதற்கு இது ராஜ தர்மமாகத்தான் இருக்கிறது. ஆனால் கதவைத் திறந்து வைத்தால் காற்று மட்டுமா வரும்? விளம்பரக் குப்பை வரும். அந்தக் குப்பைக்கு வயதும் ஆகிவிட்டது. 1978-லேயே ஒரு கம்ப்யூட்டர் விற்பனையாளர், அர்ப்பாநெட் என்ற அந்தக் காலத்து வலையில் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பி எல்லோருடைய கோபத்தையும் சம்பாதித்துக்கொண்டார். தவிர, ஒரே மனிதர் வீட்டு முகவரியிலிருந்து ஒன்று, ஆபீஸ் முகவரியிலிருந்து ஒன்று என்று எழுதினால், மென்பொருளின் கணக்கில் அவர் இரண்டு மனிதர்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இங்கிருந்து 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று இயந்திரம் பதில் போடும். அங்கே உள்ளவர் விடுமுறையில் இருந்தால் அவருடைய இயந்திரம் 'நான் ஊரில் இல்லை' என்று பதில் போடும். அதையும் ஒரு புதுக் கடிதம் என்று எண்ணி, இங்குள்ள இயந்திரம் மறுபடியும் 'கிடைத்தது' என்று சொல்லும். ஆள் அரவம் இல்லாத ராத்திரியில் இரண்டு இயந்திரங்களும் விடிய விடிய உபசாரம் பேசிக்கொண்டிருக்கும்! இயந்திரம் எழுதிய கடிதத்தில் அது இயந்திரம் எழுதியது என்று குறிக்க வேண்டும், அதற்கு இன்னொரு இயந்திரம் பதில் போடக் கூடாது என்று 2004-ல் விதி வகுக்க வேண்டியதாயிற்று.

"அது சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத விஷயமும் இருக்கிறது" என்றாள். மின்னஞ்சலுக்காக 1982-ல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதிகளில், அனுப்புகிறவர் உண்மையிலேயே அவர்தானா என்று பார்க்க வழி இல்லை. உறையின் முதுகில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். பிற்பாடு வந்த சோதனைகள், கடிதம் எந்த நிறுவனத்தின் வாசலிலிருந்து புறப்பட்டது என்று ஓரளவுக்குச் சொல்லும். எழுதிய கை யாருடையது என்று சொல்லாது. ஒரு விஷமி உங்கள் முகவரியைப் போட்டு ஆயிரம் கம்பெனிகளுக்கு எழுதினால், ஆயிரம் 'கிடைத்தது' கடிதங்கள் உங்கள் தலையில்தான் வந்து விழும்.

இதற்கெல்லாம் பயந்தவர்கள் இரண்டாவது வழிக்குப் போகிறார்கள். பதிவில் உள்ளவர் கடிதம் மட்டும் உள்ளே; மற்றதெல்லாம் வெளியே. அக்காவுக்கு நேர்ந்தது இதுதான்.

மூன்றாவது வழி, தெரியாதவர் கடிதத்தை ஒரு தாழ்வாரத்தில் உட்கார வைப்பது. குப்பையாகவும் தள்ளாமல், டிக்கெட்டும் கொடுக்காமல் நிறுத்தி வைப்பார்கள். எழுதியவருக்கு, 'இந்த இணைப்பை அழுத்தித் தங்களைப் பதிவு செய்துகொள்ளவும்' என்று ஒரு கடிதம் போகும். அவர் அழுத்தினால் கடிதம் உள்ளே வரும். அல்லது கம்பெனி ஊழியர் யாராவது தாழ்வாரத்தை எட்டிப் பார்த்து, உண்மையான கடிதம் என்று கண்டால் உள்ளே அழைக்கலாம். ஸென்டெஸ்கில் இப்படி நிறுத்திய கடிதம் 14 நாள் காத்திருக்கும். பிறகு தானாகவே அழிந்துவிடும்.

"இது நல்ல ஏற்பாடாகத்தானே இருக்கிறது?" என்றேன்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். "எட்டிப் பார்க்க ஆள் இருந்தால் நல்ல ஏற்பாடுதான், மாமா."

மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு நாள் அவளுக்கு ஒரு தொலைபேசி வந்ததாம். பேசியவள் ஒரு வாடிக்கையாளரின் மனைவி. கணவர் திடீரென்று நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இந்த மாதத் தவணையை மட்டும் பத்து நாள் தள்ளி எடுத்துக்கொள்ளும்படி, பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகவரியிலிருந்து எழுதியிருந்தாள். கடிதம் தாழ்வாரத்தில் உட்கார்ந்தது. பதிவு செய்துகொள்ளச் சொல்லி இயந்திரம் இணைப்பு அனுப்பியது. அந்த அம்மாள் அதை அழுத்தவில்லை. ஏன் தெரியுமா? முன்பின் தெரியாத இணைப்பை அழுத்தாதீர்கள், பணம் போய்விடும் என்று பத்திரிகையில் படித்திருக்கிறாள். பத்திரிகை சொன்னதும் சரிதான்; அவள் செய்ததும் சரிதான். கடிதம் கெடு முடிந்து அழிந்தது. தவணை நாளன்று பாங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிற்று. அது மருந்துக்கு வைத்திருந்த பணம்.

"அவள் என்னைத் திட்டவில்லை, மாமா. 'என் கடிதம் வந்ததா, அம்மா?' என்று மட்டும் கேட்டாள். நான் தேடினேன். கடிதம் இல்லை. வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது என்றால், படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்."

"என்ன சொன்னாய்?"

"வந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை என்று சொன்னேன்."

அன்று முதல் காலையில் ஆபீசுக்குப் போனதும் அவள் செய்கிற முதல் காரியம் தாழ்வாரத்தைப் பார்ப்பது. லாட்டரிப் பரிசு, கடன் தருகிறோம், ஆண்மை லேகியம் என்று இருநூறு குப்பைகளுக்கு நடுவே ஒரு நாளைக்கு இரண்டோ மூன்றோ மனிதக் குரல்கள் இருக்கும். பெரும்பாலும் விஷயத் தலைப்பே இராது. மரியாதையாக எழுதத் தெரியாத கடிதங்கள். மகன் முகவரியிலிருந்து தாயார் எழுதியது, முதலாளி முகவரியிலிருந்து டிரைவர் எழுதியது, இப்படி. "பதிவில் இருப்பவர் சௌகரியமாக இருக்கும்போது அவரே எழுதிவிடுகிறார். அவருக்கு ஏதாவது ஆகும்போதுதான் பதிவில் இல்லாதவர் எழுதுகிறார்" என்றாள்.

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அப்படிச் சொல்! கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சியும். அக்காவிடம் அந்தப் பெட்டகத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதானே?" என்றேன்.

"அதுதான் கூடாது!" என்றாள் அவள் சட்டென்று. "நான் அவர் மனைவி என்று எழுதுகிற எவளுக்கும் பெட்டகத்தைக் கொடுத்துவிடலாமா? பெரியப்பாவே அதற்குச் சம்மதிப்பாரா? அந்தப் பெயரில் எங்களிடம் கணக்கு இருக்கிறது என்று சொல்வதே தப்பு. பதிவில் இல்லாதவர் கடிதத்தைப் படிக்க வேண்டும், நம்பர் கொடுக்க வேண்டும், என்ன அத்தாட்சி வேண்டும் என்று சொல்ல வேண்டும். பொருளைக் கொடுப்பது அத்தாட்சியைப் பார்த்த பிறகு. கேட்பது வேறு, கொடுப்பது வேறு. இரண்டையும் ஒரே பூட்டில் போட்டுப் பூட்டுகிறார்கள், அங்கேதான் தப்பு."

ஊருக்குத் திரும்பும்போது ரயிலில் இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். எனக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்தது. கோவலன் மதுரைக்குப் புதியவன்; அந்த ஊர்ப் பதிவேட்டில் இல்லாதவன். பொற்கொல்லனோ அரண்மனைக்குத் தெரிந்த ஆள். தெரிந்தவன் சொன்னான் என்று பாண்டியன் நம்பினான். தெரியாதவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. களவு செய்தவன் தெரிந்த ஆள்தான் என்பது காவியத்தின் கொடுமை. பதிவேட்டில் பெயர் இருப்பது யோக்கியதைக்கு அத்தாட்சி ஆகிவிடாது.

பிறகு அதே அரண்மனை வாசலுக்குக் கண்ணகி வருகிறாள். வாயில் காவலனுக்கு அவளைத் தெரியாது. அவள் நின்ற கோலத்தைப் பார்த்து நடுங்கிப் போகிறான். ஆனால் அவன் அவளை விரட்டவில்லை. தானாக உள்ளே விட்டுவிடவும் இல்லை. உள்ளே போய் அரசனிடம், இப்படி ஒருத்தி வந்திருக்கிறாள் என்று சொல்கிறான். அரசன் வரச் சொல்கிறான், நீ யார் என்று கேட்கிறான். சிலம்பை உடைப்பதும், உள்ளே மாணிக்கமா முத்தா என்று பார்ப்பதும் அதற்கு அப்புறம். முதலில் கேட்டார்கள், பிறகு அத்தாட்சி பார்த்தார்கள். அந்த ஒழுங்கைக் கோவலன் விஷயத்திலும் கடைப்பிடித்திருந்தால் மதுரை எரிந்திராது. வாயில் காவலன் செய்த வேலையைத்தான் இன்று என் தங்கையின் மகள் காலைதோறும் செய்கிறாள் என்று தோன்றியது.

அக்காவின் விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். தங்கையின் மகள் யோசனைப்படி, அந்தக் கம்பெனியின் தபால் முகவரியைத் தேடி எடுத்தோம். மரணச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அத்தான் சந்தா கட்டிய பாங்கிக் கணக்கின் நகல் எல்லாவற்றையும் சேர்த்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பினோம். சந்தா தேதிக்கு மூன்று நாள் முன்பு அக்காவின் முகவரிக்கே ஒரு மின்னஞ்சல் வந்தது. யாரோ ஒரு மனிதர் எழுதியது என்று முதல் வரியிலேயே தெரிந்தது. அதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. ஒரு நம்பர் கொடுத்திருந்தார். இன்னும் இரண்டு காகிதங்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார். விசாரணை முடியும் வரையில் எதையும் அழிக்க மாட்டோம் என்று சொல்லியிருந்தார்.

அந்த நம்பரை அக்கா ஒரு சீட்டில் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள். காகிதங்கள் போயிருக்கின்றன, பெட்டகம் இன்னும் வரவில்லை. "வரும்போது வரட்டும். கடிதத்தைப் படித்துவிட்டார்கள்" என்கிறாள்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்குப் பிறகு நம் கணக்கை யார் பார்க்கலாம் என்று முன்கூட்டியே பெயர் எழுதி வைக்க கூகிள் 2013-லும் ஆப்பிள் 2021-லும் வழி செய்திருக்கின்றன. பத்து நிமிஷ வேலை. உங்கள் மனைவியோ கணவரோ ஒரு நாள் பேரிங் கடிதம் எழுத வேண்டாம் என்று நினைத்தால் இன்றைக்கே செய்துவிடுங்கள். நான் செய்துவிட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். என் மேஜையின் அடி இழுப்பறையில் ஒரு கட்டுக் கடிதங்கள் நெடுநாளாக இருக்கின்றன. முன்பின் தெரியாத வாசகர்கள் எழுதியவை. நண்பர்கள் கடிதங்களுக்கு அன்றன்றே பதில் எழுதிவிடுகிற நான், இவற்றை அப்புறம் பார்க்கலாம் என்று கட்டிப் போட்டிருந்தேன். கம்பெனிக்காரனைத் திட்டப் பேனாவை எடுத்த அதே மேஜை! அன்று ராத்திரி கட்டைப் பிரித்தேன். மேலே இருந்த உறையில் தேதி நான்கு வருஷத்துக்கு முந்தியதாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன்.